ஆறுதல் சட்டிக்கு ஒரு காவல்

என் மகளை நான் ஒரு சட்டிக்குக் காவல் வைத்தேன். அந்தச் சட்டிக்குக் காவல் தேவையில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் வைத்தேன்.

சொல்லிவிட்டேன். சொன்னால் கொஞ்சமாவது பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தேன்... இறங்கவில்லை. ஆகவே முழுவதையும் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியாதவர். அதனால்தான் உங்களிடம் வருகிறேன். என்னை அறிந்தவர்களிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

ஒவ்வோர் ஆண்டும் தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நிற்பவள் நான். கோபம், புறணி, பூசைக்குப் பிந்திப் போனது... எல்லாவற்றையும் பங்குச் சுவாமியிடம் ஒப்புவித்திருக்கிறேன். சட்டியைப் பற்றி மட்டும் ஒருமுறையும் வாய் திறக்கவில்லை. ஒரு சமையற்சட்டியைப் போய்ப் பாவம் என்று எப்படிச் சொல்வது என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவேன்.

நான் திருகோணமலை நகரத்தில் ஒரு சின்னப் பாடசாலையில் ஆரம்ப வகுப்பு ஆசிரியை. என் கணவர் அன்ரனுக்கு அப்போது சீனன்குடாவில், எண்ணெய் சேர்த்துவைக்கும் தாங்கிகள் இருக்கும் இடத்தில் வேலை. எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. நான் சொல்லும் கதை தொடங்கும்போது அவளுக்குப் பதின்மூன்று வயது.

சட்டி மெல்பேர்னிலிருந்து வந்தது. அன்ரனின் அக்கா றெஜினா மச்சாள் அனுப்பிய பெட்டிக்குள், சவர்க்காரங்களுக்கும் பால்மாவுக்கும் நடுவே, துவாய்த் துணியில் சுற்றி இருந்தது. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளைப் பீங்கான், மேலே கண்ணாடி மூடி. மின்சாரத்தில் மெதுவாகச் சமைக்கும் சட்டி. அன்றே தொலைபேசியில் மச்சாள் எனக்கு விளக்கம் சொன்னா.

"வேலைக்குப் போற குடும்பங்களுக்கு இதுதான் சுகம், ஸ்ரெல்லா. காலமை எல்லாத்தையும் உள்ளுக்குப் போட்டு மூடிட்டு நான் வேலைக்குப் போயிடுவன். பின்னேரம் வந்து திறந்தால் கறி ஆயத்தம். திரும்பியும் பார்க்கத் தேவையில்லை."

இந்தச் சொற்களைக் கேட்டது நான் ஒருத்திதான். அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் அன்ரன் வேலையால் வந்து, சட்டியைத் தூக்கி அடியைப் பார்த்தார், வயரைத் தடவிப் பார்த்தார், மணந்தும் பார்த்தார். "இதைத் தமிழில என்னெண்டு சொல்லுறது?" என்று ஜெனி கேட்டாள். "ஆறுதலாச் சமைக்கிற சட்டி" என்றார் அவர். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது ஆறுதல் சட்டி. எங்கள் பக்கத்தில் 'ஆறுதலா வாங்கோ' என்றால் அவசரமில்லாமல் வாருங்கள் என்று பொருள். மற்றப் பொருள் உங்களுக்கே தெரியும். இரண்டு பொருளிலும் அந்த ஆறுதல் எனக்குக் கிடைத்தது. மற்றவர்களுக்குக் கறி கிடைத்தது.

பிறகு அவர் கேட்டார்: "கரண்டில போட்டுட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போகலாமோ? அக்கா என்ன சொன்னவ?"

அவருடைய வேலையை நீங்கள் அறிந்தால்தான் இந்தக் கேள்வி விளங்கும். தாங்கிகளுக்குப் பக்கத்தில் ஓர் இரும்பை நெருப்பு வைத்து ஒட்டுவதென்றாலும், ஒட்டுகிறவருக்குப் பின்னால் ஒருவர் தீயணைப்பானோடு நிற்க வேண்டும். ஒட்டி முடிந்த பிறகும், இரும்பு ஆறும்வரை நிற்க வேண்டும். அன்ரன் அப்படி நிற்கிறவர். அந்தச் சட்டத்தை அவர் வீட்டுக்கும் கொண்டு வந்திருந்தார். "சூடு இருக்கிற இடத்தில ஆள் நிக்க வேணும். ஆள் இல்லையெண்டால் சூடு இருக்கக் கூடாது" என்பார். எங்கள் வீட்டில் ஸ்திரிக்கைப்பெட்டிக்கும் இதே சட்டம், நத்தாருக்கு வைக்கும் பாலன் குடிலின் மின்விளக்குக்கும் இதே சட்டம்.

"ஓம்" என்றேன் நான். "ஒரு ஆள் பக்கத்தில நிக்கத்தான் வேணுமாம். மச்சாள் சொன்னவ."

ஏன் அப்படிச் சொன்னேன்? வாய் தவறி வந்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் பொய் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தேன்... அந்த ஒரு கணத்தில் எனக்கு முன்னால் ஒரு பின்னேரம் திறந்து கிடந்தது. யாரும் இல்லாத, ஒன்றும் செய்யத் தேவையில்லாத, நீளமான ஒரு பின்னேரம். அதைக் கண்டுதான் சொன்னேன்.

சட்டி வருமுன் என் பின்னேரங்கள் எப்படி இருந்தன தெரியுமா? இரண்டு மணிக்கு வீட்டுக்கு வருவேன். வந்த கையோடு அடுப்பு. கறி கொதிக்கத் தொடங்கும்போது வாசல் படலையடியில் யாராவது நிற்பார்கள். "ரீச்சர், இவனுக்கு வாசிப்பு வருகுதில்லை, பின்னேரத்தில கொஞ்சம் சொல்லிக்குடுங்கோவன்." கோயில் மாதர் சபைக்குப் பூ அலங்கரிக்க ஆள் வேண்டும். அடுத்த ஒழுங்கையில் இருந்த என் மாமிக்கு, அன்ரனின் அம்மாவுக்கு, காலுக்கு எண்ணெய் பூச ஆள் வேண்டும். எல்லாரும் நல்லவர்கள். எல்லாருக்கும் நான் வேண்டும். எனக்கும் நான் கொஞ்சம் வேண்டும் என்று அவர்களிடம் சொன்னால், எனக்கு என்னவோ நடந்துவிட்டது என்று சுவாமியைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார்கள்.

சட்டி வந்த பிறகு ஒரே வசனம் போதுமாயிற்று. "சட்டி போட்டிருக்கிறன், விட்டுட்டு வர ஏலாது."

அந்த வசனத்தைத் தாண்டி ஒருவரும் உள்ளே வரவில்லை. காய்ச்சல் என்று சொன்னால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்து கதைப்பார்கள். சமையல் என்றால் படலையோடு திரும்பிப் போய்விடுவார்கள். ஒரு பெண்ணின் உடம்பைவிட அவளுடைய கறிக்கு எங்கள் ஊரில் மரியாதை அதிகம்.

விடிய எழும்பி வெங்காயம் வதக்கி, இறைச்சியைத் தூளில் பிரட்டிக் குளிர்சாதனப்பெட்டியில் வைத்துவிட்டுப் பாடசாலைக்குப் போவேன். வந்ததும் சட்டிக்குள் கொட்டி, மூடி, குமிழைத் திருப்பினால் என் வேலை முடிந்தது. மெல்ல மெல்ல அதன் குணம் பிடிபட்டது. தண்ணீர் பாதியும் வேண்டாம், காய்கறியே விட்டுக்கொள்ளும். தேங்காய்ப்பாலை முதலே விட்டால் திரைந்துவிடும். இறக்கும்போதுதான் விட வேண்டும். முருங்கைக்காய் போட்டால் நார்தான் மிஞ்சும். ஆட்டிறைச்சியும் பலாக்கொட்டையும் போட்டால்... அதைச் சொல்ல எனக்கு இன்றும் வாய் ஊறுகிறது. நண்டும் பயிற்றங்காயும் போட்டு, பனங்கிழங்கு மாவில் ஒடியற்கூழ்கூட வைத்தேன். வேலைக்குப் போகிற குடும்பத்துக்கு இதைவிட லேசான சமையல் இல்லை என்று மச்சாள் சொன்னது முழு உண்மை.

மூடியை மட்டும் திறக்கக் கூடாது. திறந்தால் சூடு போய்விடும், பிறகு ஏறுவதற்கு நெடுநேரம் எடுக்கும். அதாவது, காவலுக்கு நிற்பவள் செய்யக்கூடிய ஒரே வேலை தொடாமல் இருப்பது. நான் அதை நன்றாகவே செய்தேன்.

குசினியில், அடுப்படிக்குப் பக்கத்தில், ஒரு சாய்மனைக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு கிடப்பேன். கண்ணாடி மூடியில் முதலில் பனி படியும். பிறகு துளிகள் ஒன்றையொன்று தேடிச் சேர்ந்து விளிம்புக்கு வழியும். வீடு முழுக்கக் கறுவாப்பட்டை மணம் மெதுவாக நடமாடும். துறைமுகத்தில் ஒரு கப்பல் ஊதும்; அந்த ஓசை ஒழுங்கைகளுக்குள் நுழைந்து நுழைந்து, என் குசினிக்கு வரும்போது களைத்துப் போயிருக்கும். நான் நித்திரையா விழிப்பா என்று எனக்கே தெரியாது. எனக்குப் பெயர் இல்லை, வயது இல்லை. பாடசாலையில் பிள்ளைகள் சொல்லும் அரிவரி எழுத்துக்கள் மட்டும் எங்கோ தொலைவில் மிதந்துகொண்டிருக்கும்.

இதில் ஒரு குற்றமும் இல்லை என்று சொல்லப் போகிறீர்கள். பொறுங்கள்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் ஜெனி வந்து என் முகத்தைப் பார்த்தாள். "அம்மா, நான் சட்டியைப் பாத்துக்கொள்ளுறன். நீங்கள் கொஞ்சம் வெளியால நடந்திட்டு வாங்கோ. முகமெல்லாம் வாடிக் கிடக்கு." பகல் நித்திரையில் வீங்கிய முகத்தை அவள் களைப்பு என்று எண்ணிக்கொண்டாள். நான் திருத்தவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன்.

உட்துறைமுக வீதியில், தண்ணீரைப் பார்த்தபடி ஒரு சீமெந்துக் கட்டின்மேல் இருந்தேன். மறுநாளும் போனேன். அதற்கடுத்த நாளும்... பிறகு அது வழக்கமாயிற்று.

அங்கே நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். யாரையும் சந்திக்கவில்லை. கவிதை எழுதவில்லை. செபமாலைகூடச் சொல்லவில்லை. சும்மா இருந்தேன். கோதுமை இறக்கக் காத்திருக்கும் கப்பல் அசையாமல் நிற்கும். எங்கள் நகரத்தில் மாடுகள்போலத் திரியும் மான்கள் புல்லில் படுத்தபடி என்னைத் தங்களில் ஒன்று என்று விட்டுவிடும். வெயில் சாயச் சாயத் தண்ணீரின் நிறம் மாறும், எதிர்க்கரை மலைகள் ஒவ்வொன்றாகப் பின்னுக்குப் போகும். கரை எது, தண்ணீர் எது, நான் எது என்று பிரித்தறிய முடியாத ஒரு பொழுது வரும். அந்தப் பொழுதுக்காகவே அந்நாட்களில் நான் உயிரோடு இருந்தேன் என்று நினைக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை அதுதான்.

ஜெனி வீட்டில் சட்டிக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, மடியில் புத்தகத்தை வைத்துக்கொண்டு இருப்பாள். தகப்பனின் பிள்ளை அல்லவா! பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரும் வைத்திருப்பாள். மின்சார நெருப்புக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று அன்ரன் சொன்ன பிறகு, வாளியை எடுத்துவிட்டு மண் நிரப்பிய ஒரு தகரத்தை வைத்தாள். அந்தத் தகரத்தைக் கண்டபோதாவது நான் சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுதான் படகு வந்தது.

துறைமுகப் பக்கம் பிள்ளைகளுக்குப் பாய்ப்படகு ஓட்டப் பழக்கத் தொடங்கினார்கள். ஜெனியின் பாடசாலையிலிருந்து சில பெண்பிள்ளைகளைத் தெரிவு செய்தார்கள். அதில் இவளும் ஒருத்தி. பயிற்சி பின்னேரத்தில், நான் கடலுக்குப் போகும் அதே நேரத்தில்.

இரண்டு நாட்கள் போனாள். முதல் நாள் அவள் திரும்பி வந்த கோலம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. தலைமயிர் உப்பில் விறைத்து, மூக்கு நுனி சிவந்து, உள்ளங்கையில் கயிறு உரசிய தடம். "அம்மா, காத்து எந்தப் பக்கத்தால வருதெண்டு காதில தெரியுதம்மா" என்றாள். சாப்பிடும்போதும் கையைப் பாய்போல விரித்து விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த இரண்டு நாளும் சட்டிக்கு நான்தான் காவல். எனக்கு என் கடல் இல்லை. நீங்கள் எதிர்பார்ப்பது போல, பிள்ளையின் மகிழ்ச்சியில் என் மனம் குளிர்ந்ததா? இல்லை... எரிச்சல் வந்தது. பெற்ற பிள்ளையின் மேல் எரிச்சல்! அதோடு நின்றேனா? இரண்டாம் நாள் அவள் படலையைத் திறக்கும் ஓசை கேட்டதும், கதிரையிலிருந்து எழுந்து சட்டியருகில் போய் நின்றேன். இடுப்பில் கை வைத்துக்கொண்டேன். அவள் உள்ளே வரும் நேரம் பார்த்து நீளமாக ஒரு மூச்சு விட்டேன். முழங்காலைத் தடவினேன். அந்த முழங்காலில் எனக்கு ஒரு நோவும் இருக்கவில்லை.

அன்ரனும் கண்டார். "பிள்ளை போகட்டும். சட்டியை நீர் ஞாயிற்றுக்கிழமையில மட்டும் போடும், ஸ்ரெல்லா" என்றார். வழி திறந்துதான் இருந்தது, பாருங்கள். நானே அதை மூடினேன். "அப்ப மற்ற நாளெல்லாம் நான் அடுப்போட வேகிறன்" என்றேன். அவர் துவாயை எடுத்துக்கொண்டு குளிக்கப் போனார்.

மூன்றாம் நாள் காலை சப்பாத்தின் நாடாவைக் கட்டிக்கொண்டே ஜெனி சொன்னாள். "அம்மா, நான் இனிப் படகுக்குப் போகேல்ல."

"ஏன்?"

"நீங்கள் விடியக் காலமையே எழும்பிறனீங்கள். பின்னேரமும் சட்டியோட நிண்டால் எப்பிடி? நான் நிக்கிறன்."

குனிந்தே இருந்தாள், முகம் தெரியவில்லை. நாடாவைக் கட்டி, அவிழ்த்து, திரும்பக் கட்டினாள். அவளை விடுவிக்க எனக்கு ஒரே ஒரு வசனம் போதும். சட்டிக்கு ஆள் தேவையில்லை, மகள், நீ போ. மச்சாள் சொன்ன வசனம் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. ஆனால் அதைச் சொன்னால், ஓராண்டாக நீங்கள் எதற்குக் குசினியில் இருந்தனீங்கள் என்று அவள் கேட்பாள். படலையில் நிற்பவர்கள் கேட்பார்கள். மாமி கேட்பா. என் பின்னேரம் உடைந்துவிடும்...

"உன்ர விருப்பம்" என்றேன்.

இந்த இரண்டு சொற்களைத்தான் நான் உங்களிடம் ஒப்புக்கொள்ள வந்தேன். மற்றதெல்லாம் இதைச் சுற்றிய கதை.

அன்று பின்னேரமும் நான் உட்துறைமுக வீதிக்குப் போனேன். ஓம், போனேன். சின்னச் சின்ன வெள்ளைப் பாய்கள் தண்ணீரில் திரிந்தன. அவை இப்படிச் சாயும், அப்படிச் சாயும், ஒன்று கவிழும். பிள்ளைகளின் சிரிப்பு வெகு நேரம் கழித்துக் கரைக்கு வரும். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்லவே பயமாக இருக்கிறது. அவளுடைய இடம் அங்கே காலியாக இருக்கிறது என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டு, பாதி மூடிய கண்ணால் அந்தப் பாய்களைப் பார்த்தபடி கனவில் கிடந்தேன்.

சில கிழமைகள் கழிந்திருக்கும். பிள்ளைகளுக்குப் படகு பழக்கும் பயிற்சியாளர் வீதியால் வந்தவர், என்னைக் கண்டு நின்றார்.

"நீங்கள் ஜெனியின்ர அம்மா தானே? அந்தப் பிள்ளை ஏன் விட்டவ? ஆரும் சொல்லாமலே பாயை இழுத்துப் பிடிச்ச பிள்ளை. அப்பிடி எல்லாருக்கும் வராது."

நான் என்ன சொல்ல முடியும்? வீட்டில் சட்டிக்கு நிற்கிறாள் என்றா? நான் இங்கே மான்களோடு இருக்கிறேனே! வாய் தானாகத் திறந்தது.

"அவளுக்குத் தண்ணிப் பயம், சேர்."

"பயமோ? எனக்கு அப்பிடித் தெரியேல்லயே" என்றார். பிறகு, தாய் சொன்னால் சரியாகத்தானே இருக்கும் என்பது போலத் தலையாட்டிவிட்டுப் போனார்.

பொய்க்குக் கால் முளைக்க ஒரு கிழமையும் எடுக்கவில்லை. அவர் மற்றப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கிறார், அவர்கள் வகுப்பில் சொல்லியிருக்கிறார்கள். ஜெனி வீட்டுக்கு வந்து புத்தகப்பையைக்கூட இறக்காமல் குசினி வாசலில் நின்றாள்.

"அம்மா, எனக்குத் தண்ணிப் பயமாம். அதுதான் விட்டனானாம். வகுப்பில எல்லாரும் சொல்லீனம். ஆரம்மா இப்பிடிச் சொன்னது?"

"ஆருக்குத் தெரியும்" என்றேன். "நீ அதுகளைக் காதில போடாத."

அவள் சட்டியின் மூடியை நேராக்கி, மண் தகரத்தைக் கிட்ட இழுத்துவைத்துக்கொண்டு இருந்தாள். நான் செருப்பைத் தேடினேன். அன்று நான் கடலுக்குப் போகவில்லை என்று சொல்ல எனக்கு எவ்வளவு விருப்பம்... போனேன்.

அவள் பாடசாலையில் உயர்தரம் படிக்கும் காலத்தில் றெஜினா மச்சாள் மெல்பேர்னிலிருந்து வந்தா. நான் எத்தனையோ ஆண்டாகப் பயந்துகொண்டிருந்த நாள் அது. குசினியில் ஜெனி சட்டிக்குப் பக்கத்தில் இருப்பதைக் கண்டு மச்சாள் சிரித்தா. "இதுக்கு ஏன் பிள்ளை காவல் இருக்கிறாய்? நான் காலமை போட்டுட்டு வேலைக்குப் போயிடுவன். அம்மாட்ட அப்பவே சொன்னனானே."

கறுவா மணம் அப்படியே காற்றில் நின்றுவிட்டது. அன்ரன் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நான் மூடியில் வழியும் துளிகளைப் பார்த்தேன்.

"இஞ்ச கரண்ட் உங்கட ஊர் மாதிரி இல்லை, மாமி" என்றாள் ஜெனி. ஆறுதலாகத்தான் சொன்னாள். "ஏறி இறங்கும். அதுதான் நாங்கள் நிக்கிறனாங்கள்."

"ஓம், அது சரி" என்றார் அன்ரன். கதை வேறு பக்கம் போயிற்று.

அவள் அதை நம்பித்தான் சொன்னாளா? இல்லை, அந்த ஒரு நொடியில் எல்லாம் விளங்கி, என்னை மூடிக் காப்பாற்றினாளா? அன்றிலிருந்து இந்தக் கேள்வியோடுதான் எழும்புகிறேன். கேட்டுப் பார்க்கலாம். கேட்டால் அவள் பதில் சொல்லிவிடுவாளே என்று பயம்.

இப்போது அவள் கண்டியில் ஒரு கணக்காய்வு அலுவலகத்தில் வேலை செய்கிறாள். கடலில்லாத ஊர். அங்கே சுதன் என்ற நல்ல பையனைக் கல்யாணம் செய்திருக்கிறாள். இருவருக்கும் ஓயாத வேலை. போன ஆண்டு அவளும் ஓர் ஆறுதல் சட்டி வாங்கினாள். "அம்மா, காலமை பருப்பும் மரக்கறியும் போட்டுட்டு ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவம். வந்து பாத்தால் நல்லா அவிஞ்சிருக்கும்" என்று தொலைபேசியில் சொன்னாள். வீட்டைப் பூட்டிக்கொண்டா என்று கேட்க வந்து, விழுங்கிவிட்டேன். அவள் கண்டி மழையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள்.

கடந்த மாதம் இருவரும் வந்தார்கள். சுதனுக்குக் கடல் புதிது. நிலாவெளிக்குப் போவோம் என்றான். அன்ரன் வீட்டில் நின்றுகொள்ள, நாங்கள் மூவரும் போனோம். கரையிலிருந்து எதிரே தெரியும் சின்னத் தீவுக்கு ஆட்களை ஏற்றிப் போகும் படகு ஒன்று நின்றது. சுதன் முழங்கால்வரை தண்ணீரில் இறங்கி நின்று இவளுக்குக் கை நீட்டினான்.

"வாரும் ஜெனி. கிட்டத்தானே."

அவள் என் கையைப் பிடித்தாள். மத்தியான வெயிலில் அந்தக் கை சில்லிட்டிருந்தது. அது நடிப்பில்லை, நான் நடிப்பு அறிந்தவள்.

"எனக்கு ஏலாது" என்றாள். "சின்னனில இருந்தே எனக்குத் தண்ணிப் பயம்."

காதில் காற்றைக் கேட்ட பிள்ளை... அவளுக்குத் தண்ணீர்ப் பயமாம். நான் வீதிக்கரையில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். அது ஊரெல்லாம் சுற்றி, இத்தனை ஆண்டு கழித்து அவளுடைய உடம்புக்குள்ளேயே போய்க் குடியிருக்கிறது. அவளுக்கு அது தன் நினைவாகவே ஆகிவிட்டது.

சுதன் என்னைப் பார்த்துச் சிரித்தான். "அப்பிடியோ மாமி? திருகோணமலைப் பிள்ளைக்குத் தண்ணிப் பயமோ?"

ஒரே ஒரு சொல். இல்லை என்ற சொல். கடவுள் எனக்கு அதைக் கையில் கொடுத்துவிட்டு, அலைகூட எழாமல் கடலை நிறுத்தி வைத்திருந்தார் போலத் தோன்றியது. ஜெனியும் என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஓம் தம்பி" என்றேன். "சின்னனிலயே."

"பாத்தீங்களோ, அம்மாவே சொல்லுறா" என்றாள் அவள். அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு குனிந்து எங்கள் செருப்புகளைப் பொறுக்கினாள். "பையையும் தாங்கோ. நான் இதுகளோட நிக்கிறன். அம்மா, நீங்கள் போயிட்டு வாங்கோ. உங்களுக்குக் கடலெண்டால் விருப்பம்தானே."

நான் படகில் ஏறினேன்.

நீங்கள் என்றால் ஏறியிருக்க மாட்டீர்கள். கரையில் நின்றிருப்பீர்கள், அவளைக் கட்டிக்கொண்டிருப்பீர்கள், எல்லாவற்றையும் சொல்லியிருப்பீர்கள். நான் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மருமகனின் கையைப் பற்றி ஏறி, நல்ல இடமாகப் பார்த்து இருந்தேன். படகு நகர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். மூன்று சோடிச் செருப்புகளையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அலை வந்து தொடாத தூரத்தில் அவள் நின்றாள். ஒரு கையை விடுவித்து எனக்கு ஆட்டிக் காட்டினாள். நானும் காட்டினேன். நாங்கள் தீவை அடையும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

கீழே பவளப்பாறைகள் தெரிந்தன. தண்ணீர் பச்சையாகி, நீலமாகி, மெல்ல ஒன்றுமே இல்லாததுபோல் ஆயிற்று. மிகவும் அழகாக இருந்தது. பார்த்துக்கொண்டே இருந்தேன்.